ஓவனைத் தொட்டால் சுருக்கென்கிறதா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு மகன் ஒரு கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஓவன் வாங்கிக் கொடுத்தான். போன மாதம் வீடு மாறினோம். ஏற்றி இறக்கியதில் ஓவன் கதவு லேசாகச் சாய்ந்துவிட்டது. மூடுகிறது, ஆனால் மேல் பக்கம் ஒரு இடைவெளி தெரிகிறது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இது எட்டாம் மாதம். ஓவன் ஓடும்போது அவள் சமையலறைப் பக்கமே வரக் கூடாது என்கிறார் என் மாமியார். ஒரு வீடியோவில் சொன்னபடி செல்போனை உள்ளே வைத்து மூடிவிட்டு இன்னொரு போனிலிருந்து அழைத்துப் பார்த்தோம், உள்ளே இருந்த போன் அடித்தது. அப்படியென்றால் கதிர் வெளியே வருகிறதுதானே? இரண்டு நாளாக உள்ளே படபடவென்று தீப்பொறியும் வருகிறது. எங்கள் தெருவில் மிக்சி ரிப்பேர் செய்பவர், கழற்றிப் பார்த்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்று, ஈரக் கையோடு ஓவனைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. எல்லா ஓவனிலும் அப்படித்தானா?

பதில்: வணக்கம் அம்மா.

கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்கிறது என்று, அதிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் பத்து நிமிடம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு போய், சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

எல்லா ஓவனிலும் அப்படி இருக்காது. எந்த ஓவனிலும் அப்படி இருக்கக் கூடாது. ஓவனின் கூடு முழுக்க இரும்புத் தகடு. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால் அந்தத் தகட்டுக்கு வரும். வந்த கரண்ட், பிளக்கின் மேலே இருக்கும் தடித்த மூன்றாவது பின் வழியாக, எர்த் கம்பியில் இறங்கி மண்ணுக்குப் போய்விட வேண்டும். உங்களுக்குச் சுருக்கென்கிறது என்றால் அந்த வழி எங்கோ அறுந்திருக்கிறது. இப்போது அது உங்கள் உடம்பு வழியாக இறங்கப் பார்க்கிறது.

பழைய வீட்டில் இந்தத் தொந்தரவு இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. அதனால் என் முதல் சந்தேகம் புது வீட்டு வயரிங் மேல்தான். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்: சுவரில் மூன்று ஓட்டையுள்ள பிளக் பாயிண்ட் அழகாக இருக்கும், கழற்றிப் பார்த்தால் மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. சில இடங்களில் பிளக்கின் மூன்றாவது பின் இடிக்கிறது என்று அதையே வெட்டி எறிந்திருப்பார்கள்.

மிக்சியிலும்தான் லேசாக ஷாக் அடிக்கிறது, பழகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எதிலும் பழகக் கூடாது, ஓவனில் கண்டிப்பாகக் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஓவனுக்குள் 230 வோல்ட்டை 2,000 வோல்ட்டுக்கு மேலே ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பெரும்பாலான ஓவன்களில் அந்த உயர் அழுத்தச் சுற்றின் ஒரு முனையை ஓவனின் உடல் தகட்டோடுதான் முடுக்கியிருப்பார்கள். எர்த் சரியாக இருக்கும்வரை அதனால் ஒரு தீங்கும் இல்லை. எர்த் இல்லாமல், உள்ளே ஓர் இணைப்பும் தளர்ந்துபோனால், அதன் பிறகு தொடுபவருக்குச் சுருக்கென்பதோடு நிற்காது.

எனவே ஓவனைப் பார்க்கச் சொல்வதற்கு முன்பு, உரிமம் உள்ள ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்து வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கையோடு இரண்டு விஷயம் கேளுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? இல்லையென்றால் போட்டுவிடச் சொல்லுங்கள். கரண்ட் உடம்பு வழியாகப் போகத் தொடங்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும் சாதனம் அது. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ மட்டும் விழும் எம்சிபி சுவிட்ச் அந்த வேலையைச் செய்யாது. இரண்டாவது, ஓவனுக்கென்று தனியாக 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறதா? கன்வெக்‌ஷன் ஓவன்கள் பலவும் 2,000 வாட் சுற்றி இழுக்கும், அதாவது 9 ஆம்பியருக்குப் பக்கம். இதைச் சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டில், தடித்த பின்னை ஒல்லியாக்கும் கன்வெர்ஷன் பிளக் போட்டு மாட்டினால் பாயிண்ட் உள்ளுக்குள் கருகத் தொடங்கும். மிக்சி, கெட்டில், ஓவன் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்குவது இன்னும் மோசம். எர்த் சரியாக இருந்தும் சுருக்கென்கிறது என்றால் பழுது ஓவனுக்குள் இருக்கிறது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

சரி, இப்போது கதவு. சாய்ந்த கதவைப் பார்த்து உங்கள் மாமியார் பயப்படுவது நியாயமே. அதைச் சரிசெய்யும்வரை ஓவனை யாரும் ஓட்ட வேண்டாம். ஆனால் பயம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கதிர் என்று சொல்லும் மைக்ரோவேவ் அலையை ஓவனுக்குள் உண்டாக்குவது, ரேடாருக்காக உருவான மேக்னட்ரான் என்ற குழாய்தான். 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், வேலை செய்துகொண்டிருந்த மேக்னட்ரானுக்குப் பக்கத்தில் நின்றபோது தன் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார் என்பார்கள். அங்கிருந்துதான் சமையலறைக்கு வந்தது. அந்த அலை செய்யும் வேலை சூடாக்குவது மட்டும்தான். எக்ஸ்ரேயைப் போல உடம்பின் மூலக்கூறுகளை உடைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. சுவிட்சை அணைத்தால் அறைக்குள் வெளிச்சம் தங்குமா? அதுபோலத்தான், ஓவன் நின்ற நொடியில் அலையும் இல்லை. சாப்பாட்டில் எதுவும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்காது.

அலை வெளியே வராமல் தடுப்பவை இரண்டு. ஒன்று, கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் ஓட்டை போட்ட தகடு. ஓட்டை ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான், அலையின் நீளமோ 12 சென்டிமீட்டர், அதனால் தாண்ட முடியாது. இரண்டாவது, கதவின் ஓரச் சட்டம். நிறைய பேர் அதைக் குக்கர் கேஸ்கெட் மாதிரி ஏதோ ரப்பர் அடைப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பின்னால் குறிப்பிட்ட அளவில் ஒரு உலோகப் பள்ளம் இருக்கிறது. வெளியே நழுவப் பார்க்கும் அலையை அது திருப்பி உள்ளேயே அனுப்பிவிடும். கதவு சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் அந்த அளவு பொருந்தும். கதவு சாய்ந்தாலோ, ஓரத்தில் குழம்பும் எண்ணெயும் காய்ந்து மேடு தட்டினாலோ பொருந்தாது. அதனால்தான் இடைவெளி என்று நீங்கள் எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கசிவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஓவனின் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் அளந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்க அரசு 1971-இல் இருந்து ஓவனின் ஆயுள் முழுக்க இந்த வரம்பை வைத்திருக்கிறது. தொழிற்சாலையை விட்டுப் புதிதாக வரும்போது 1 மில்லிவாட்தான் அனுமதி. தூரம் போகப் போக அது வேகமாகக் குறையும். 5 சென்டிமீட்டரில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே கதவைச் சரிசெய்து, அளந்தும் பார்த்துவிட்டால், உங்கள் மகள் தாராளமாகச் சமையலறையில் நிற்கலாம், அவளே ஓவனை ஓட்டலாம். கர்ப்பிணிகள் என்றல்ல, யாருமே கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. இரண்டு எட்டு தள்ளி நின்றால் போதும்.

செல்போன் சோதனையை நம்பாதீர்கள். நான் சரிபார்த்து அனுப்பும் நல்ல ஓவனுக்குள்ளும் போன் அடிக்கும். மைல் கணக்கில் தள்ளியிருக்கும் டவரிலிருந்து வரும் மிக மிக மெல்லிய சிக்னலையும் பிடித்துக்கொள்வதற்காகவே செய்த கருவி போன். வெளியிலிருந்து உள்ளே துளி சிக்னல் போனாலும் அது அடித்துவிடும். தவிர, போன் வேலை செய்யும் அலைவரிசைகள் வேறு, ஓவனின் 2,450 மெகாஹெர்ட்ஸ் வேறு. போன் அடித்ததால் ஓவன் கெட்டதென்றும் ஆகாது, அடிக்காததால் நல்லதென்றும் ஆகாது. அப்புறம், மறந்துபோய் போனை உள்ளே விட்டு ஓவனை ஓட்டிவிட்டால் பேட்டரி தீப்பிடிக்கும். அந்தச் சோதனையை இனி வேண்டவே வேண்டாம்.

உண்மையான சோதனைக்கு ஒரு லீக்கேஜ் மீட்டர் இருக்கிறது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பதிவு செய்யும்போதே, கதவு சாய்ந்திருக்கிறது, மீட்டரோடு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கதவைச் சரிசெய்த பிறகு உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஓடவிட்டு, மீட்டரைக் கதவின் நான்கு ஓரத்திலும் மெதுவாக நகர்த்திப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மிக்சி ரிப்பேர் செய்பவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. மிக்சியில் பிளக்கைக் கழற்றிவிட்டால் அதன்பின் பயமில்லாமல் கை வைக்கலாம். ஓவனில் அப்படி இல்லை. உள்ளே உள்ள கெபாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக் கூடும். அதை வடிக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் உண்டு, ஆனால் அது பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. முறையாக வடிக்கத் தெரியாமல் கை வைத்தால் ஒரே தொடுதலில் உயிர் போய்விடும். இருபத்தைந்து வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறக்கிறேன், இன்றும் கெபாசிட்டரை வடித்துவிட்டு ஒருமுறைக்கு இருமுறை பார்த்த பிறகுதான் கையை உள்ளே விடுவேன். வீட்டில் பிள்ளைகள் பழைய ஓவனைக் கழற்றி, டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து எதையாவது செய்து பார்க்கிறேன் என்றாலும் விடாதீர்கள்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே மூன்று சின்ன சுவிட்சுகள் இருக்கும். கதவைத் திறந்ததும் இரண்டு சுவிட்ச் மேக்னட்ரானை நிறுத்தும். அவை ஒட்டிக்கொண்டால், மூன்றாவது சுவிட்ச் வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். கதவு சாய்ந்த ஓவன்களில் இந்தச் சுவிட்சுகள் சரியாக அழுந்தாமல் தகராறு செய்யும். அப்போது அவசரத்துக்கு 'டைரக்ட்' கொடுத்து, அதாவது அந்தச் சுவிட்சுகளைத் தவிர்த்துக் கம்பியை நேராக இணைத்து, ஓட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓட்டிய ஓவன்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. கதவு திறந்திருக்கும்போதே அலை வரும் ஓவன் அது. உங்கள் ஓவனில் கதவைத் திறந்த பிறகும் தட்டு சுற்றினாலோ, விசிறி ஓடுவது போலத் தோன்றினாலோ சர்வீஸ்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தீப்பொறிக்கு வருவோம். பெரும்பாலும் இது சின்ன விஷயம். ஓவனுக்குள் வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும், மைக்கா ஷீட். அலை உள்ளே வரும் வாசலுக்கு அது மூடி. குழம்பு தெறித்து அதில் ஒட்டி, திரும்பத் திரும்பச் சூடாகிக் கரியாகிவிட்டால் அந்த இடத்தில் பொறி பறக்கும். புதிதாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும், செலவும் அதிகம் இல்லை. அதை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் எழுதியபடி ஏற்றி இறக்கியபோது உள்சுவரில் பெயிண்ட் பெயர்ந்திருந்தாலும் பொறி வரும். அல்லது கிரில்லுக்கான கம்பி ஸ்டாண்டை மைக்ரோ மோடில் உள்ளேயே விட்டிருக்கலாம். எவர்சில்வர் கரண்டி, தங்க ஓரம் போட்ட கப், பார்சலில் வரும் சில்வர் கவர் எல்லாமே பொறி கிளப்பும். உள்ளே தீயே பிடித்துவிட்டால் கதவைத் திறக்காதீர்கள், காற்று போனால் கொழுந்துவிடும். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், தானாக அடங்கிவிடும்.

கன்வெக்‌ஷன் ஓவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அலையால் சூடாக்கும் மைக்ரோ, சூடான காற்றால் வேகவைக்கும் கன்வெக்‌ஷன் என்று ஒரே பெட்டியில் இரண்டு அடுப்பு இருக்கிறது. மைக்ரோ மோடில் உலோகம் கூடாது, பொருத்தமான பிளாஸ்டிக் தாங்கும். கன்வெக்‌ஷன் மோடில் உலோகம் போகலாம், பிளாஸ்டிக் உருகிவிடும். கேக் செய்து முடித்த கையோடு, சுவர் சூடு ஆறும் முன்பே, பிளாஸ்டிக் டப்பாவில் சாம்பாரைச் சூடாக்க வைத்து டப்பா நெளிந்துபோன வீடுகள் ஏராளம். நான் சொல்வது, சூடாக்குவதற்குப் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்பதுதான். 'மைக்ரோவேவ் சேஃப்' என்று போட்டிருந்தாலும், குருமா மாதிரி எண்ணெய் மிதக்கும் பண்டம் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறும். கண்ணாடிக் கிண்ணம், பீங்கான் தட்டு இரண்டு எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ஹோட்டல் பார்சலைக் கவரோடு உள்ளே வைக்கவே கூடாது. மெலமைன் தட்டு பீங்கான் மாதிரியே இருக்கும், அதுவும் ஆகாது. ஒரு தட்டு ஆகுமா ஆகாதா என்று சந்தேகம் வந்தால், காலித் தட்டோடு ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் சூடாகி தட்டு குளிர்ந்தே இருந்தால் சரி. தட்டு சுட்டால் அதை ஓவன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நீங்கள் கேட்காத மூன்று விஷயங்களைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கதிரைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் ஓவனால் கை வெந்ததாக என்னிடம் சொன்னவர்கள் பலரும் தண்ணீரைத்தான் சொன்னார்கள்.

அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தால் பாத்திரத்தின் அடியிலிருந்து குமிழி கிளம்பும். வழுவழுப்பான கண்ணாடிக் கப்பில் ஓவனுக்குள் வைத்தால் குமிழி தொடங்க இடம் கிடைக்காது. 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் அசையாமல் நிற்கும். இன்னும் கொதிக்கவில்லையே என்று மறுபடி ஒரு நிமிடம் வைப்பார்கள். வெளியே எடுத்து இன்ஸ்டன்ட் காப்பித் தூளைப் போட்டதும், அத்தனை கொதியும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். இதைத் தவிர்ப்பது சுலபம். தூளையோ சர்க்கரையையோ சூடாக்கும் முன்பே போட்டுவிடுங்கள், அல்லது கப்புக்குள் ஒரு மரக் குச்சி போட்டு வையுங்கள். ஓவன் நின்றதும் அரை நிமிடம் விட்டு எடுங்கள். ஒருமுறை கொதித்த தண்ணீரை உடனே மறுபடி வைக்காதீர்கள். முட்டையும் அப்படித்தான்: ஓட்டோடு வைத்தால் வெடிக்கும், உரித்த அவித்த முட்டைகூடக் கடிக்கும்போது வாய்க்குள் வெடிக்கலாம். முழு உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கை முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிட்டு வையுங்கள்.

அடுத்தது சாதம். அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நுழையும். நடுப்பகுதி, சுற்றியிருக்கும் சூடு பரவித்தான் சூடாக வேண்டும். அதனால் ஓரம் ஆவி பறக்கும்போது நடு குளிர்ந்திருக்கும். சாதத்தைக் குவித்து வைக்காமல் நடுவில் குழி விட்டு வட்டமாகப் பரப்புங்கள், கொஞ்சம் தண்ணீர் தெளித்து லேசாக மூடுங்கள், பாதியில் ஒருமுறை கிளறுங்கள், நின்ற பிறகு இரண்டு நிமிடம் விடுங்கள். ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் இருந்த சாதத்தைக் காலையில் ஓவனில் வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் சோற்றில் பெருகி அது விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மிஞ்சிய சாதத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மறுநாள் ஒரே ஒருமுறை நன்றாகச் சூடாக்குங்கள். கர்ப்பிணி இருக்கும் வீடு, வாந்தி பேதி வந்தால் தாங்க மாட்டாள்.

மூன்றாவது, இரண்டு மாதத்தில் வரப்போகும் பேரப்பிள்ளைக்கு. தாய்ப்பாலைப் பிழிந்து எடுத்து வைத்தாலும், வேறு பால் கொடுக்க நேர்ந்தாலும், புட்டியை ஓவனில் வைக்காதீர்கள். புட்டி கைக்கு இளஞ்சூடாகத் தெரியும், நடுவில் உள்ள பால் பிஞ்சு நாக்கைப் பொத்துப்போகச் செய்யும் அளவு கொதித்திருக்கும். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து, அதில் புட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, நன்றாகச் சுழற்றி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.